கப்பல் தண்ணீரில் இறங்கிய பிறகு நடக்கும் வேலை

ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போர்க்கப்பல் 2015 ஏப்ரல் 20-ஆம் தேதி மும்பை மசகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் தண்ணீரில் இறங்கியது. கடற்படையில் முறைப்படி சேர்ந்தது 2021 நவம்பர் 21-ஆம் தேதி. இடையில் ஆறரை வருடம். இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “கப்பல்தான் மிதக்க ஆரம்பித்துவிட்டதே, அப்புறம் என்ன அத்தனை வருடம் வேலை?”

அந்த வேலையில்தான் என் பிழைப்பு ஓடியது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து மும்பைக்கு வந்தவன் நான். மசகான் டாக்குக்குள் மின்வேலை எடுத்துச் செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் முதலில் கேபிள் இழுத்தேன், பிறகு மேற்பார்வையாளர் ஆனேன். ஐஎன்எஸ் சென்னையின் கடைசிக் கட்ட வேலைகளில் தொடங்கி, அடுத்து வந்த விசாகப்பட்டினம் வகைக் கப்பல்களில் தொடர்ந்தேன். இங்கே எழுதுவதில் ரகசியம் எதுவும் இல்லை. கப்பல் பற்றிய எண்கள் அரசே வெளியிட்டவை. மற்றது எந்தக் கப்பல் கட்டும் தளத்திலும் பழகும் தொழில். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் ஐடிஐ, டிப்ளமா பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கப்பலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திட்டம் 15பி என்ற பெயரில் நான்கு டெஸ்ட்ராயர்கள் (பெரிய வேகப் போர்க்கப்பல்கள்) கட்ட 2011 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. விசாகப்பட்டினம், மோர்முகாவ், இம்பால், சூரத். வடிவமைப்பு கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு. 163 மீட்டர் நீளம், முழுச் சுமையோடு சுமார் 7,400 டன். உக்ரைனிலிருந்து வந்த நான்கு கேஸ் டர்பைன்கள். வேகம் 30 நாட் (knot) என்ற கடல் வேக அளவுக்கு மேல், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டும். 16 பிரம்மோஸ் ஏவுகணைகள், வான் தாக்குதலைத் தடுக்க 32 பராக்-8 ஏவுகணைகள், முன்னால் 76 மில்லிமீட்டர் பீரங்கி, ராக்கெட் லாஞ்சர்கள், டார்பிடோ குழாய்கள், இரண்டு ஹெலிகாப்டர்கள். உள்ளே சுமார் 300 பேர் வாழ வேண்டும். கமிஷன் ஆகும், அதாவது கடற்படையில் முறைப்படி சேரும் நாள் வரை தளத்தில் யாரும் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்வதில்லை. 12704, 12705, 12706, 12707 என்ற யார்டு எண்கள்தான். டிராயிங்கிலும் அதுதான், கேட் பாஸிலும் அதுதான், கேன்டீன் பேச்சிலும் அதுதான்.

இரும்பு வேலையில் நான் இல்லை என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். இந்தக் கப்பல்களின் உடம்பு டிஎம்ஆர் 249ஏ என்ற எஃகு. ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கி, அரசு எஃகு நிறுவனமான செயிலின் ஆலைகள் உருட்டிக் கொடுப்பது. ஒரு காலத்தில் போர்க்கப்பல் எஃகுக்கு ரஷ்யாவை எதிர்பார்த்திருந்தோம். பிளேட்டை வெட்டி, வளைத்து, பிளாக் பிளாக்காகக் கட்டி, சிலிப்வே என்ற கரையோரச் சரிவு மேடையில் கொண்டுவந்து சேர்த்து வெல்டிங் செய்கிறார்கள். வெல்டர்களிடம் நான் பார்த்து வியந்த ஒழுக்கம், உருகி வெல்டாகும் கம்பியான ராடை அவர்கள் பார்த்துக்கொள்ளும் விதம். ராடு ஓவனில் சூடேறிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து கையில் தூக்கிப் போகும் சூடான டப்பாவுக்கு வரும். டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்கள். மும்பை மழைக்காலத்தில் வெளியே கிடந்த ராடை எடுத்து அடித்தால் அதிலுள்ள ஈரம் ஹைட்ரஜனாக வெல்டுக்குள் இறங்கிவிடும். அன்று பார்க்க வெல்டு அழகாக இருக்கும். ஒரு நாள் கழித்து உள்ளே விரிசல் விடும். வெல்டிங் படிக்கும் பிள்ளைகள் இதை முதல் நாளிலேயே கையோடு பழகிக்கொள்ளுங்கள். தரையில் கிடந்த ராடு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அது குப்பை.

பிறகு தண்ணீரில் இறக்குவது. தேங்காய் உடைத்து, மந்திரம் சொல்லி, கடற்படைத் தளபதியின் மனைவி பெயர் சூட்டி அனுப்புவது வழக்கம். மும்பையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நான்கைந்து மீட்டர் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. அதனால் நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் எல்லாம். கூட்டம் கைதட்டும், தொலைக்காட்சியில் வரும். ஆனால் ஓர் எண்ணைப் பாருங்கள். இம்பால் 2019-ல் இறங்கியபோது அதன் எடை 3,037 டன். முழுதாகப் புறப்படும்போது 7,400. மீதியில் எரிபொருள், தண்ணீர், வெடிமருந்து, ஆட்கள் உண்டுதான். அதைக் கழித்தாலும் இயந்திரம், குழாய், கேபிள், ஆயுதம், ரேடார், சமையலறை, படுக்கை என்று பெரும் பகுதி இன்னும் கப்பலுக்குள் வரவில்லை. இறங்கிய அன்று மிதப்பது ஒரு கூடு. ஆறரை வருடக் கேள்விக்கு இதுதான் பதிலின் முதல் பாதி.

இரண்டாம் பாதியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கம்பார்ட்மென்டுக்குள் நிற்க வேண்டும். ஏதோ ஓர் உபகரண அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் நின்றால் நெருக்கம். இந்த அறைக்குள் முதலில் வெல்டிங் வேலைகள் எல்லாம் முடிய வேண்டும்: உபகரணம் உட்காரும் பீடம், குழாய் தாங்கி, கேபிள் டிரே (கேபிள் படுக்கும் தட்டு) தாங்கி, விளக்குக்கான பட்டை வரைக்கும். பிறகு பெயின்ட். பிறகு காற்றுக் குழாய், ஏனென்றால் அதுதான் பெரியது, வளைந்து கொடுக்காது. பிறகு தண்ணீர், எண்ணெய், தீயணைப்புக் குழாய்கள். சுவரில் வெப்பக் காப்பு. பிறகு கேபிள். பிறகு உபகரணம். கடைசியில் மேலே பேனல் வைத்து மூடுவது. வீடு கட்டுபவர்கள் பூச்சுக்கு முன்னால் சுவரைக் கொத்தி பைப் புதைப்பது மாதிரிதான், ஆனால் இங்கே சுவர் இரும்பு, அடுத்த பக்கம் இன்னொருவருடைய வேலை முடிந்து பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பக்கம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஓர் அறையில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன தாங்கி விட்டுப்போனது தெரிகிறது. உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. அதை வெல்டிங் செய்ய, இந்தப் பக்கம் காப்பைப் பிரிக்க வேண்டும். சுவரின் அந்தப் பக்கத்திலும் காப்பைப் பிரிக்க வேண்டும், சூடு கடத்தி அங்கே தீப்பிடிக்கும். பக்கத்தில் ஓடும் கேபிளுக்குத் தீத்தடுப்புத் துணி போர்த்த வேண்டும். தீ அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் தீயணைப்பானோடு ஆள் நிற்க வேண்டும். வெல்டிங் பத்து நிமிடம். பிறகு பரிசோதனை, பெயின்ட், காய்வது, காப்பு திரும்ப ஒட்டுவது, மறுபடி பரிசோதனை. ஒரு துண்டுக்கு வாரக்கணக்கு.

ஒருமுறை, நாங்கள் டிரே போட்டு முடித்த அறைக்கு ஓர் உபகரண நிறுவனத்திலிருந்து திருத்திய டிராயிங் வந்தது. பெட்டி அதே பெட்டிதான். கேபிள் கீழிருந்து நுழைவதற்குப் பதிலாக மேலிருந்து நுழையும் என்று மாற்றியிருந்தார்கள். காகிதத்தில் ஒரு கோடு. எங்களுக்கு டிரே மாறியது, தாங்கி மாறியது, மேலே ஓடிய காற்றுக் குழாய் இடம் விட வேண்டி வந்தது, அது நகர்ந்ததால் பக்கத்துக் குழாய்க்காரர்கள் வேலையைப் பிரித்தார்கள். யாருக்கும் யார் மேலும் கோபப்படத் தெம்பில்லை. கப்பல் தாமதம் என்று செய்தி வரும்போது பெரிய ஏவுகணை, பெரிய என்ஜின் வரவில்லை என்று எழுதுகிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கால் பங்கு, அரைப் பங்கு நேரத்தை விழுங்குவது இந்த மாதிரிக் கோடுகள் என்று என் அனுபவம் சொல்கிறது.

தாராவியில் குடியேறிய ஒரு திருநெல்வேலிக்காரர் எங்களோடு ஃபிட்டராக இருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் பேனல் மூடும் ஆட்களை நிறுத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். “தம்பி, மூடுறதுக்கு முன்னாடி நீயும் ஒருக்கா உள்ள தலைய விட்டுப் பாரு. மூடிட்டா அப்புறம் வெட்டித்தான் பாக்கணும்.” அவரிடமிருந்து பழகியது இது: ஒவ்வொரு அறைக்கும் ஒரு காகிதம், கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அந்த அறையில் இன்னும் வெல்டிங் ஆக வேண்டிய எல்லாமும் அதில் இருக்கும், யாருடைய வேலையாக இருந்தாலும். குழாய்க்காரர், காற்றுக் குழாய்க்காரர், நாங்கள், எல்லோரும் அதில் அடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயின்ட் ஆளை உள்ளே விடுவோம். கம்ப்யூட்டரில் பெரிய அட்டவணை ஓடுகிறது, அது மேலே இருப்பவர்களுக்கு. அறைக்குள் நிற்கிறவனுக்கு அந்தக் கதவுக் காகிதம்தான் உதவியது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் இதைச் செய்யுங்கள். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

சரி, என் சொந்த வேலைக்கு வருகிறேன். கேபிள். ஒரு டெஸ்ட்ராயருக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கேபிள் ஓடுகிறது. பெரும்பாலும் கையால் இழுப்பதுதான். வரிசையாக ஆட்கள், அறைக்கு ஒருவர், ஏணிக்கு ஒருவர். முன்னால் இருப்பவர் குரல் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து ஒரு இழுப்பு. நடுவில் ஒட்டுப் போடக் கூடாது என்பது போர்க்கப்பலில் விதி. அதனால் நீளம் அளப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிராயிங்கில் உள்ள நீளத்தை நம்பி வெட்டக் கூடாது. மெல்லிய கயிறு ஒன்றை அதே வழியில் விட்டு அளந்து, அதற்கு மேல் இரண்டு முனையிலும் பெட்டிக்குள் சுற்றி வர மிச்சம் வைத்து வெட்ட வேண்டும். மின்சக்தி கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் போகக் கூடாது. அப்படிப் போனால் ரேடாரும் ரேடியோவும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். அந்த இரைச்சலை பின்னால் கடலில் தேடுவது பெரிய துன்பம். கேபிளை வெட்டியவுடன் முனைக்கு வெப்பத்தில் சுருங்கும் மூடி போட வேண்டும். மும்பை ஜூலையில் திறந்து கிடந்த முனை ஈரத்தை உறிஞ்சும்.

கேபிள் நீர்புகாச் சுவரைத் தாண்டும் இடம் ஒன்று இருக்கிறது. எம்சிடி என்போம். சுவரில் செவ்வக இரும்புச் சட்டம். அதற்குள் சதுர ரப்பர் கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக, நடுவில் அரைவட்டப் பள்ளம். கேபிளின் கனத்துக்கு ஏற்ற பள்ளத்தோடு கட்டை எடுக்க வேண்டும். சில வகைகளில் பள்ளத்துக்குள் மெல்லிய ரப்பர் ஏடுகள் இருக்கும், ஒவ்வொன்றாக உரித்து அளவு சேர்க்கலாம். இரண்டு பாதியையும் கேபிளைச் சுற்றிச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் கேபிளை அழுத்தாது, அதிகமிருந்தால் உட்காராது. கிரீஸ் தடவி, வரிசையாக அடுக்கி, வரிசைக்கு நடுவே தகடு வைத்து, மேலே இறுக்கும் பகுதியைப் போட்டு போல்ட்டைத் திருகும்போது ரப்பர் எல்லாப் பக்கமும் பிதுங்கி ஒரே கல்லாக ஆகும். கேபிள் போகாத ஓட்டைக்கும் வெற்றுக் கட்டை வைத்தே ஆக வேண்டும். ஓர் அறைக்குள் வெள்ளம் புகுந்தால் அடுத்த அறையைக் காப்பாற்றுவது இந்த ரப்பர்தான். தீ வந்தாலும் அதேதான். நான் இதைச் செய்யும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கப் போகிற ஒரு மாலுமியை நினைத்துக்கொள்வேன். ஆள் அவசரப்படுத்தினால் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவேன்.

இழுத்து முடித்ததும் மெக்கர் என்ற மீட்டரை வைத்து, கேபிளின் இன்சுலேஷன் (மின்காப்பு) சரியா என்று பார்க்க வேண்டும். உபகரணத்தில் கேபிளை மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு 500 வோல்ட் செலுத்தினால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போய்விடும். ஒரு போர்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். எடுத்த அளவை அன்றே, அந்த இடத்திலேயே எழுத வேண்டும், தேதியோடு, அன்று மழையா வெயிலா என்பதோடு. மூன்று வருடம் கழித்து அளவு குறைந்திருந்தால், முதல் நாள் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி வரும். நோட்டு வைத்திருப்பவன் பேச்சு அங்கே செல்லும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். மூடிக் கிடந்த தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்காதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை எதுவும் வராது. இன்னொன்று ஆர்கான். குழாய் வெல்டிங்கில் பயன்படும் வாயு, காற்றை விடக் கனமானது, நிறமில்லை, மணமில்லை. இரவு ஷிப்ட் முடிந்து ஹோஸை உள்ளேயே விட்டுப்போனால், அது கசிந்து அறையின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். காலையில் முதலில் இறங்குபவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஷிப்ட் முடிந்தால் ஹோஸ் வெளியே வர வேண்டும். உங்களுடையதாக இல்லாவிட்டாலும் இழுத்து வெளியே போடுங்கள். யாராவது உள்ளே விழுந்து கிடந்தால் ஓடி இறங்காதீர்கள், மூச்சுக் கருவியோடு ஆள் வரும்வரை மேலிருந்து காற்றை உள்ளே தள்ளுங்கள்.

தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரவு நேர அளவுகள். 163 மீட்டர் எஃகு பத்து டிகிரி சூடானால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் நீளும். பகலில் ஒரு பக்கம் வெயில் பட்டால் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நேராக உட்கார்கிறதா என்பதை நள்ளிரவுக்கு மேல், கப்பல் முழுக்க ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் பார்ப்பார்கள். அதுவும் தண்ணீரில் இறங்கிய பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். சிலிப்வேயில் கட்டைகள் மேல் உட்கார்ந்த கப்பலும் மிதக்கும் கப்பலும் ஒரே வடிவம் இல்லை. ஆயுதங்களுக்கு இது இன்னும் கறார். ரேடார், பீரங்கி, ஏவுகணை லாஞ்சர், திசைகாட்டும் கைரோ, எல்லாம் கப்பலுக்குள் குறித்து வைத்த ஒரே ஒரு மட்டப் பரப்பைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரேடாருக்கும் பீரங்கிக்கும் நடுவே ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு பிசகு இருந்தால், பத்து கிலோமீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 9 மீட்டர் விலகும். அந்த இரவுகளில் கப்பலில் நடமாட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு வேலை இருக்காது, ஆனாலும் நான் கீழே கப்பல் கட்டி நிற்கும் துறைமேடையில் நின்று பார்த்திருக்கிறேன்.

சாய்வுச் சோதனையும் அப்படித்தான். கப்பல் எவ்வளவு நிலையாக மிதக்கிறது என்பதைக் கணக்கிட, எடை தெரிந்த கட்டைகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவார்கள். உள்ளே உயரமான இடத்திலிருந்து நீளமான தூக்குக்குண்டு தொங்கும், குண்டு ஆடாமலிருக்க அதன் அடி எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். ஒரு அளவுகோல் பக்கத்தில். கட்டை மாறும்போது அந்தக் கம்பி அளவுகோலில் நகரும் தூரத்தை மில்லிமீட்டர் வரை குறித்துக்கொள்வார்கள். கட்டிய கயிறுகளைத் தளர்த்தி, தொட்டிகளை முழுதாக நிரப்பியோ காலி செய்தோ வைத்து, காற்றில்லாத விடிகாலையில் செய்வது. கப்பலில் இருப்பவர்கள் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான டன் கப்பல், அளப்பது மில்லிமீட்டர். பள்ளியில் ஆர்க்கிமிடீசை மனப்பாடம் செய்தவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகு உயிர் கொடுக்கும் கட்டம். முதலில் மின்சாரம், பிறகு ஒவ்வோர் இயந்திரமாக ஓடவிட்டுப் பார்ப்பது. கியர்பாக்ஸ் ஓடுவதற்கு முன்னால் எண்ணெயைச் சூடாக்கி குழாய்களில் சுற்றவிட்டுக்கொண்டே இருப்பார்கள். நடுவில் வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்து, ஒரு துகள் இருந்தாலும் இன்னும் சுற்றவிடுவார்கள். இதில் நாள் கணக்கு வைத்து அதிகாரிகளை நெருக்குவதில் பயனே இல்லை, எண்ணெய் சுத்தமாகும்போதுதான் சுத்தமாகும். பிறகு துறைமுகத்தில் கட்டி வைத்தபடியே சோதனைகள், பிறகு கடலில். மோர்முகாவ் முதன்முதலாகக் கடல் சோதனைக்குப் போனது 2021 டிசம்பர் 19. கோவா விடுதலையாகி 60 வருடம் நிறைந்த நாளாகப் பார்த்து அனுப்பினார்கள்.

கடல் சோதனையில் தளத்து ஆட்கள், உபகரண நிறுவன ஆட்கள், கடற்படைக் கண்காணிப்புக் குழு, கப்பலை எடுத்துக்கொள்ளப் போகும் மாலுமிகள் எல்லோரும் ஏறுவார்கள். முழு வேகத்தில் ஓடும்போதுதான் சில பழுதுகள் வெளியே வரும். துறைமுகத்தில் கல்லாக இருந்த இணைப்பு அதிர்வில் தளரும். ஒரு பெட்டியின் விளக்கு விட்டு விட்டு எரியும். அங்கே நான் கண்ட பெரிய உதவி, கப்பலின் சொந்த மின் பிரிவு மாலுமிகள். அவர்கள் கமிஷனிங்குக்கு வெகுநாள் முன்பே தளத்துக்கு வந்துவிடுவார்கள். முதலில் அவர்களைப் பரிசோதகர்களாக நினைத்து ஒதுங்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. அது வேண்டாம். கேபிள் எந்த வழியில் போகிறது, எந்தப் பேனலைக் கழற்றினால் எது தெரியும் என்று கூடவே கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிற்பாடு நடுக்கடலில் அந்தப் பெட்டியைத் திறக்கப் போவது அவர்கள்தான். அவர்கள் சொல்லும் சின்னக் குறைகளை, இந்தப் பிடி கைக்கு எட்டவில்லை, இந்த எழுத்துப் பட்டை பின்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையெல்லாம், தளத்தில் இருக்கும்போதே சரிசெய்துவிட்டால் எவ்வளவோ நல்லது.

எல்லாச் சோதனைக்கும் படிவம், எல்லாப் படிவத்துக்கும் கையெழுத்து. குறைப் பட்டியல் நீளும், குறையும், மறுபடி நீளும். கடைசியில் டி-448 என்ற ஒப்படைப்புப் பத்திரம். அதில் கையெழுத்தான நொடியிலிருந்து கப்பல் கடற்படையுடையது. அதற்குச் சில வாரம் கழித்து வருவதுதான் நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கமிஷனிங் விழா. விசாகப்பட்டினம் கப்பலின் விழாவுக்கு மும்பை கடற்படைத் தளத்தில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வந்திருந்தார். கேப்டன் கமிஷனிங் ஆணையை வாசிப்பார், தேசிய கீதத்தோடு கடற்படைக் கொடி ஏறும், பாய்மர உச்சியில் நீளமான ஒல்லிக் கொடி பறக்கும். அந்த ஒல்லிக் கொடி கப்பல் ஓய்வு பெறும் நாள் வரை இறங்காது. விசாகப்பட்டினத்தில் ஏறியது சிலுவைக் கோடு போட்ட பழைய கடற்படைக் கொடி. 2022 செப்டம்பரில் கொடி மாறியது. அதனால் அதே வகையில் அடுத்ததான மோர்முகாவில் 2022 டிசம்பர் 18 அன்று ஏறியது சிவாஜி முத்திரை உள்ள புதுக் கொடி. ஒரே தளத்தில், ஒரே ஆட்கள் கட்டிய அக்கா தங்கைக் கப்பல்கள்.

விழாவோடு எங்களுக்கு வேலை முடிவதில்லை. உத்தரவாதக் காலத்தில் வரும் பழுதுகளுக்குக் கூப்பிடுவார்கள், ஆயுதச் சோதனைகளும் தொடரும். விசாகப்பட்டினத்திலிருந்து பிரம்மோஸ் ஏவிச் சோதித்தது கமிஷன் ஆன பிறகு, 2022 ஜனவரியில். இம்பாலில் அது தலைகீழ்: கமிஷன் ஆவதற்கு முன்பே, 2023 நவம்பரில் பிரம்மோஸ் சோதனை முடிந்தது, டிசம்பர் 26-இல் கமிஷன். பெண் அதிகாரிகளும் மாலுமிகளும் தங்குவதற்கென்றே இட வசதி செய்த முதல் இந்தியப் போர்க்கப்பலும் அதுதான்.

இப்போது நான்கு கப்பல்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தண்ணீரில் இறங்கியதிலிருந்து கமிஷன் ஆகும் வரை விசாகப்பட்டினத்துக்கு ஆறரை வருடத்துக்கு மேல். மோர்முகாவ் 2016 செப்டம்பரில் இறங்கியது, ஆறு வருடம் மூன்று மாதம். இம்பால் 2019 ஏப்ரல், நான்கு வருடம் எட்டு மாதம். சூரத் 2022 மே 17-இல் இறங்கி 2025 ஜனவரி 15-இல் சேர்ந்தது, இரண்டு வருடம் எட்டு மாதம். நடுவில் கொரோனா வந்து ஆட்கள் ஊருக்குப் போனது முதல் மூன்று கப்பல்களையும் பாதித்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இந்தக் குறைவு பெரியது. ஒரே கப்பலை நான்காவது முறை கட்டும்போது கைகளுக்கு வழி தெரிகிறது, டிராயிங் திருத்தங்கள் தீர்ந்திருக்கின்றன. அதை விடப் பெரிய காரணமாக நான் நினைப்பது, வேலை இடம் மாறியதை. சூரத்தின் உடம்பை இரண்டு வேறு ஊர்களில் பிளாக்குகளாகக் கட்டி மும்பையில் சேர்த்தார்கள். பிளாக் தரையில் இருக்கும்போதே, மேலே திறந்து கிடக்கும்போதே, குழாயையும் தாங்கியையும் வைத்துவிட்டால் வெளிச்சத்தில், நின்றுகொண்டு, நல்ல காற்றில் வேலை முடிகிறது. அதே தாங்கியை மிதக்கும் கப்பலுக்குள் படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் வெல்டிங் செய்தால் எத்தனை மடங்கு நேரம் என்று செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தொழிலுக்கு வர மும்பைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. எண்ணூர் பக்கம் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளம் இருக்கிறது. கடலோரக் காவல்படைக் கப்பல்களும், சந்தாயக் வகை ஆய்வுக் கப்பல்களில் மூன்றும் அங்கே கட்டப்பட்டவை. கொச்சி இன்னும் பழைய தளம். மசகான் டாக்கில் சேர விரும்பினால் அங்கே தொழில் பழகுநர் பள்ளி உண்டு, எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஐடிஐ என்று தனித்தனிப் பிரிவாக எடுக்கிறார்கள். போவதற்கு முன் டிராயிங் படிக்கப் பழகுங்கள், ஒரு தளப் படத்தையும் வெட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஓர் அறையை மனதில் நிறுத்தத் தெரிந்தால் போதும். ஹிந்தி ஆறு மாதத்தில் வந்துவிடும். போலீஸ் சரிபார்ப்புக்கு நாளாகும், முகவரிச் சான்றுகள் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும், இனிஷியல் முன்னால் ஒன்றில் பின்னால் ஒன்றில் இருந்து கேட் பாஸ் கிடைக்காமல் திரும்பிய நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேமரா போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே பாக்கெட்டில் அடங்கும் நோட்டும் பென்சிலும் கட்டாயம். பேனா மை வியர்வையில் கலங்கிவிடும்.